மகன் போன நாட்டுச் சோறு

எங்கள் பக்கத்தில் "கொரியாக் கடையில சாப்பிடலாமா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்க முன்னமே பதில் வந்துவிடுகிறது. கல்முனைச் சந்தையிலும், சாய்ந்தமருதுத் தேத்தண்ணிக் கடையிலும், குடும்ப வட்ஸ்அப் குழுமத்திலும் அதே பதில், அதே வரிசையில். அங்கே எல்லாம் பன்றி. குழம்பில் சாராயம். நாய் தின்கிறவன் சமைத்த சோறு. நாடகம் பார்த்துக் கெட்டுப்போன பெண்பிள்ளைகளின் பகட்டு. காசுக்கும் கேடு.

கொழும்பில் படிக்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். அவள் எங்களை ஒரு கொரியக் கடைக்குக் கூட்டிப் போனாள். அங்கே எடுத்த படம் ஒன்று குடும்பக் குழுமத்தில் விழுந்தது. அன்று தொடங்கி இந்த ஐந்து பதில்களையும் வாரக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சும்மா இருந்தேன். இனிச் சும்மா இருக்கிற உத்தேசமில்லை.

முதலில், யார் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். குழுமத்தில் உரத்துப் பேசியவர் என் மனைவியின் காக்கா, எனக்கு மச்சான். அவருடைய மூத்த மகன் கொரியாவில் இருக்கிறான். 2004இல் இலங்கையும் தென்கொரியாவும் தொழிலாளரை அனுப்புவதற்கு ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு "கொரியா எக்ஸாம்" என்பது இந்த நாட்டில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் வகுப்பில் குந்தியிருந்து வட்டமும் கோடுமாக அந்த எழுத்தைப் பாடமாக்குகிறார்கள். பாஸாகி, பெயர் வந்து, விசா வந்தால் வீட்டில் மௌலூது ஓதிச் சோறு கொடுக்கிறார்கள். போகிறவன் தொழிற்சாலையிலோ மீன்பிடி வள்ளத்திலோ பண்ணையிலோ நாலு வருடமும் பத்து மாதமும் வேலை செய்கிறான். மூன்று நேரமும் அங்கேதான் தின்கிறான். அவன் என்ன தின்கிறான் என்று கேட்டு இந்த ஊரில் யாரும் மசூறாக் கூடவில்லை. அவன் அனுப்பிய காசில் மேல்மாடி எழும்பியபோது சீமெந்து மூட்டையை ஹலாலா என்று யாரும் பிரித்துப் பார்க்கவுமில்லை.

ஆக, மகன் போகலாம். அங்கேயே தின்னலாம். மகள் மட்டும் கொழும்பில் ஒரு மேசையில் குந்தி அதே சோற்றைக் கேட்டு விசாரித்துத் தின்னக் கூடாது. மார்க்கம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற இந்தப் பேச்சுக்குள்ளே இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. பையன்கள் கொழும்பில் எந்தக் கடையில் எந்தப் பேர்கரைத் தின்றாலும் "பசிச்சா என்ன செய்யிற" என்று விட்டுவிடுகிற அதே வாய்கள், இரண்டு பெண்பிள்ளைகள் பர்தாவோடு கொரியக் கடையில் இருந்து படம் எடுத்தால் சமுதாயத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகின்றன.

ஆனால் எதிராளியின் உள்நோக்கத்தைச் சொல்லிவிட்டால் அவன் வாதம் தோற்றுப்போகாது. பன்றி, சாராயம் என்பதெல்லாம் கற்பனையும் இல்லை. அதனால் அன்று அந்த மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

உள்ளே போனதும் என் மகள் மெனுவைத் திறக்கவில்லை. பரிமாற வந்த தம்பியைத்தான் முதலில் பிடித்தாள். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பையன். அவனும் கொரியாவில் இருந்து வந்தவன்தான். அவள் சிங்களத்தில் கேள்விகளை வரிசையாக வைத்தாள். பன்றி சுடுகிற தட்டிலேயே மற்ற இறைச்சியும் சுடுவீர்களா? சோஸில் வைன் சேருமா? மிளகாய் விழுதின் டப்பாவைக் கொண்டுவந்து காட்ட முடியுமா? நான் கூசிப்போனேன். எங்கள் ஊர்க் கடையில் இத்தனை கேள்வி கேட்டால் முதலாளி எழும்பி வருவார். அந்தத் தம்பியோ முகம் சுளிக்காமல் குசினிக்குள் போய் டப்பாவோடு வந்தான். அதிலிருந்த ஒரு சொல்லை விரலால் காட்டி, "இதில் ஸ்பிரிட் சேர்த்திருக்கிறார்கள். இது போட்ட சாப்பாடு உங்களுக்கு வேண்டாம், அங்கிள்" என்றான். "சுடுகிற தட்டும் ஒன்றுதான். இறைச்சிப் பக்கம் போகாதீர்கள். மீன் வேறு அடுப்பு. சோயாக் குழம்பில் நெத்தலித் தண்ணிதான்."

அவனுக்கு அன்று எங்களிடம் இறைச்சி விற்றிருந்தால் இரண்டு மடங்கு பில் வந்திருக்கும்.

கொரிய மிளகாய் விழுதில், கொச்சுஜாங் என்பார்கள், தொழிற்சாலையில் செய்கிற பல வகைகளுக்கு மதுசாரம் சேர்க்கிறார்கள், மேலும் புளிக்காமல் நிறுத்தி வைப்பதற்காக. இறைச்சி ஊறவைக்கும்போது அரிசி மது ஊற்றுவதும் அங்கே வழக்கம். கிம்பாப் என்ற சோற்றுச் சுருளுக்குள் ஹேம் துண்டு ஒளிந்திருக்கும். அறுத்த முறை தெரியாத கோழியும் மாடும் வேறு. இவ்வளவும் உண்மை. எதிர்க்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் பாதிகூடத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. பட்டியல் முழுவதும் தெரிந்தவள் அவர்கள் யாரைக் கெட்டுப்போனவள் என்கிறார்களோ அவள்தான். பேணுதல் என்பது கேட்டு அறிந்து விலக்குவது. வாசலோடு திரும்பி வருவது சோம்பேறித்தனம். அதற்குத் தக்வா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

விலக்கவேண்டியதை விலக்கிய பிறகு மேசையில் என்ன மிஞ்சியது? மேசை நிறைய மிஞ்சியது. கேட்காமலே ஆறேழு குட்டித் தட்டு வந்தது. நல்லெண்ணெயில் பிரட்டிய கீரை. முளைவிட்ட சோயா. முள்ளங்கி. கோவாவில் போட்ட கிம்சி. விரல்நக அளவு நெத்தலிக் கருவாட்டை முறுகப் பொரித்து எள்ளுத் தூவிய ஒரு தட்டு. அதைக் கண்டதும் அதுவரை வாய் திறக்காமல் இருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

"நெத்தலி! இது நம்மட சாமானெல்லோ."

ஒரு கிள்ளு வாயில் போட்டு மென்றாள். "சீனி போட்டுக் கிடக்கு. ஆருக்கும் தெரியாமப் பழுதாக்கி வெச்சிருக்கானுகள்" என்றாள். ஆனாலும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தீர்ந்ததும் அந்தத் தம்பி மறுபடி நிரப்பினான். அதற்குக் காசில்லை. குட்டித் தட்டுகளைக் கேட்கக் கேட்க நிரப்புவது அவர்கள் வழக்கம். எங்கள் சோற்றுக் கடையில் சுண்டலும் பருப்பும் மறுபடி வருகிற மாதிரி.

பிறகு உப்புத் தடவிச் சுட்ட மீன் வந்தது. கறுத்த கல் சட்டியில் சோயாக் குழம்பு கொதித்துக்கொண்டே வந்தது. மூடியைத் திறந்தபோது அடித்த மணம் எனக்குத் தெரிந்த மணம். கருவாடு அவித்த தண்ணி. கொரியக் குழம்புகள் பலவற்றுக்கு அடித்தளமே காய்ந்த நெத்தலியும் கடற்பாசியும் சேர்த்து அவித்த தண்ணிதான். கரைவலை இழுத்து, மணலில் நெத்தலியைப் பரப்பிக் காயவைத்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அந்தச் சட்டி அந்நியம் என்று சொன்னால் அவன் மூக்கே நம்பாது.

கடலில் இருந்து வருவதை மார்க்கம் ஆகுமாக்கியிருக்கிறது, சூரா மாயிதாவில் அது தெளிவாக இருக்கிறது. ஷாபி மத்ஹபுக்காரரான எங்களுக்கு இறாலுக்கும் கணவாய்க்கும்கூட யோசனை இல்லை. கொரியாவோ மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாடு. அந்தச் சமையலைப் பன்றிக்குள் சுருக்கிப் பேசுகிறவர்கள் அதன் கடலைப் பார்க்கவே இல்லை.

"புளிச்சதெல்லாம் கள்ளு மாதிரித்தானே" என்று இன்னொருவர் கிம்சிக்கும் தீர்ப்பு எழுதினார். கிம்சி புளிப்பது தயிர் புளிக்கிற வழியில். உப்பில் ஊறிய கோவாவில் லக்டிக் அமிலம் ஊறி வருகிறது, போதை அல்ல. சம்மாந்துறை எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்துத் தின்றுவிட்டு, விடியக் காலையில் பழஞ்சோற்றையும் பிசைந்து தின்கிறவர் புளிப்பைக் கண்டு பயப்படுவது நல்ல தமாஷ்.

மச்சானின் மகன் என் மருமகன் முறை. அவன் போன தடவை லீவில் வந்தபோது ஒரு கதை சொன்னான். "மாமா, நான் முதல் படிச்ச கொரியாச் சொல் ஸலாம் சொல்ற சொல் இல்ல. துவேஜி கோகி. பன்றி இறைச்சி. ரெண்டாவது, பே ஜுசேயோ. எடுத்துப்போட்டுத் தாங்க எண்டு அர்த்தம். இந்த ரெண்டையும் வெச்சே நான் ஒரு வருசம் திண்டன்." தொழிற்சாலைக் குசினியில் சமைக்கும் வயதான அம்மா ஒருத்தி இரண்டாம் மாதத்தில் இருந்து அவனுக்கென்று தனியாக முட்டை பொரித்து வைத்தாளாம். ஞாயிறில் சியோலுக்குப் போனால் இத்தேவோன் மேட்டில் பள்ளிவாசல். 1976இல் திறந்தது. அதைச் சுற்றி ஹலால் கடைகள். கொரிய முஸ்லிம் சம்மேளனம் என்று ஒன்று இருந்து சாமான்களுக்கு ஹலால் சான்று கொடுக்கிறது. கொரியப் போருக்கு வந்த துருக்கிப் படையினரோடு தொழுத சிலரிடம் தொடங்கிய சின்னச் சமூகம் அது. கொரியாவுக்குள்ளேயே முஸ்லிம் இருந்து, கேட்டு, விலக்கி, தின்று வாழ முடிகிறது. கொழும்பில் முடியாது என்று சாய்ந்தமருதில் இருந்து சொல்கிறார்கள்.

அடுத்தது நாய். இந்தப் பேச்சுத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமூட்டுவது.

கொரியாவில் ஒரு காலத்தில் நாயிறைச்சி தின்றார்கள், மறுக்கவில்லை. அங்கேயே அது அருகிப்போய், 2024 ஜனவரியில் அவர்களுடைய பாராளுமன்றம் அதைத் தடுத்துச் சட்டமும் நிறைவேற்றிவிட்டது. கொழும்புக் கடைகளின் சட்டியில் நாய் வேகிறது என்று சொல்ல யாரிடமும் எந்த ஆதாரமும் இல்லை. "சொல்றாங்க" என்பதுதான் ஆதாரம். "சொல்றாங்க" எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அம்பாறை மாவட்டத்து முஸ்லிமுக்கு நான் ஞாபகமூட்டவேண்டி வந்ததே வெட்கம்.

2018 பெப்ரவரி 26, இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. தட்டில் மாக்கட்டி ஒன்று கிடந்தது. மலட்டு மாத்திரை என்றார்கள். கடையை அடித்து நொறுக்கினார்கள். பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அடுத்த வாரம் கண்டிப் பக்கத்தில் திகன எரிந்தது. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துச் சொன்னது: அது மாக்கட்டி. அதற்கு ஐந்து வருடம் முந்தி, 2013இல், பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்த அமைப்பு ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளம்பியபோது எங்கள் பக்கத்து வாதம் என்னவாக இருந்தது? என்ன தின்கிறோம் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது. நல்ல வாதம். நானும் பேசியிருக்கிறேன். அந்த உரிமைக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லக்கூடாது. எங்கள் தட்டைப் பற்றி அடுத்தவன் பரப்பினால் அது இனவாதம், அடுத்தவன் தட்டைப் பற்றி நாங்கள் பரப்பினால் அது எச்சரிக்கையா?

இவற்றோடு சேர்ந்து வருகிற "நம்மட சாப்பாடு இல்ல" என்கிற வாதத்துக்கு வருகிறேன். இதைச் சொல்கிறவர் வட்டிலப்பத்தை வழித்துத் தின்றுகொண்டே சொல்வார். வட்டிலப்பம் மலாய்க்காரர் கொண்டுவந்தது. அச்சாறும் நாசிகோரெங்கும் அந்தக் கரையில் இருந்துதான் வந்தன. புரியாணி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயன் கப்பலேற்றி ஆசியாவுக்குள் கொண்டுவந்தான், எங்கள் ஆணத்துக்குள்ளும் அப்படித்தான் வந்தது. அதே செடி பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் கொரியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்றைக்குச் சிவப்பில்லாத கிம்சியை யாராலும் நினைக்க முடியவில்லை. ஆனால் கிம்சிக்குள் மிளகாய் இறங்கியது பதினெட்டாம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது. அதற்கு முன் அது மிளகாயில்லாமல் உப்பில் ஊறிய காய்கறி. இரண்டு கரையும் ஒரே வெளியூர்க்காரனை வீட்டுக்குள் எடுத்து, பிறகு அவனைச் சொந்தக்காரன் என்று சாதிக்கின்றன.

தமிழுக்கும் கொரியனுக்கும் தொப்புள்கொடி உறவு, அங்கேயும் அம்மா அப்பா என்கிறார்கள், இங்கிருந்து போன இளவரசி அங்கே ராணியானாள் என்று சிலர் எதிர்ப்பக்கத்தில் நின்று ஆரவாரிக்கிறார்கள். அந்தக் கட்சியும் எனக்கு வேண்டாம். ஹல்பர்ட் என்ற மிஷனரி 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலெழுதினார்; மொழியியலாளர் அந்த உறவை ஏற்கவில்லை. குழந்தை வாயில் முதல் வருகிற ஒலி உலகெங்கும் மா, பா தான். ஒருவன் வீட்டில் சோறு தின்ன அவன் எனக்கு மச்சானாக இருக்கவேண்டுமென்று கட்டாயமில்லை.

நாடகப் பித்து என்பதற்கும் சொல்லவேண்டும். கொரிய நாடகத்தை இந்த நாட்டுக்குள் கூட்டிவந்தது இன்றைய பெண்பிள்ளைகளா? 2012இல் ரூபவாஹினி "சுஜாத தியணி" என்று சிங்களத்தில் ஒரு தொடர் போடத் தொடங்கியது. மூலப் பெயர் தே ஜாங் கும், 2003இல் கொரியாவில் வந்தது. அந்த நேரத்தில் கல்முனைக்குடியில் என் மாமியாரின் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணிகூடக் கிடைக்காது. சிங்களம் அரைகுறையாக விளங்குகிற மூத்தம்மாமார் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். நாடகம் எதைப் பற்றியது? அரண்மனைக் குசினியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு அநாதைப் பிள்ளை, நாக்கின் ருசியாலும் படிப்பாலும் உயர்ந்து அரச வைத்தியராகிறாள். பிள்ளைகள் கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? ஒருத்தி குசினியில் இருந்து எழும்பி வைத்தியராவது சிலருக்குக் கெட்ட உதாரணமாகப் பட்டால் அதையாவது வெளியே சொல்லட்டும்.

காசு விஷயத்தில் மட்டும் எதிராளிக்கு அரைப்பங்கு கொடுக்கிறேன். விலை கூடத்தான். மூன்று பேருக்கு வந்த பில்லில் எங்கள் வீட்டுக்கு நாலைந்து நாள் மீன் வாங்கலாம். மாதாமாதம் போகிற இடம் இல்லை, மகள் அங்கே இருக்கும் மட்டும் வருடத்துக்கு ஒரு தரம் போகிற இடம். ஆனால் கலியாண மண்டபத்தில் பாதி தின்று மீதி கொட்டுகிற சோற்றின் விலையைக் கணக்குப் பார்க்காதவர்கள் இதை மட்டும் கணக்குப் பார்க்க வருகிறார்கள். அன்று எங்கள் மேசையில் மிஞ்சியது மீன் முள் மட்டும்தான்.

இன்னொன்றையும் அந்த மேசையில் கண்டேன். அங்கே ஆளுக்கொரு தட்டில் கறி வருவதில்லை. சோறு மட்டும் ஆளுக்கொரு கிண்ணம், மற்றதெல்லாம் நடுவில். குழம்புச் சட்டிக்குள் எல்லாருடைய கரண்டியும் போகிறது. பக்கத்து அறையில் ஒரு குடும்பம் தரையில் பாய் மாதிரி ஒன்றில் குந்தியிருந்து தின்றது, கிழவர் முதல் கரண்டி வைக்கும்வரை சின்னதுகள் கையை மடியில் வைத்திருந்தன. கந்தூரியில் சஹனைச் சுற்றி ஆறு பேர் குந்தியிருந்து, மூத்தவர் பிஸ்மி சொல்லிக் கைவைக்கக் காத்திருந்த நாளை நான் நினைத்தேன். இப்போது எங்கள் விருந்துகளில் புபே வரிசை. ஆளுக்கொரு கோப்பையோடு சுவரோரம் நின்று தின்கிறோம். எந்தச் சாப்பாட்டு முறை நமக்கு அந்நியம் என்று அந்த வரிசையில் நிற்கும்போது யாராவது யோசித்துப் பார்க்கலாம். குளிர்காலத்துக்கு முன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி மலையாகக் கிம்சி போட்டுப் பங்கு பிரிக்கிற வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெருநாள் இரவில் ராத்தாமாரும் சாச்சிமாரும் ஒரே அடுப்படியில் கூடிப் பலகாரம் சுட்ட காலம் எங்கள் வளவிலும் இருந்தது. இப்போது ஓடர் கொடுத்து வாங்குகிறோம்.

மச்சானோடு நான் கோபித்துக்கொள்ளவில்லை. பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வட்டிலப்பத்துக்கும் மஸ்கட்டுக்கும் நடுவில் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. மகன் அனுப்பியதாம். கறுப்புத் தாள் மாதிரி, கடற்பாசி. பிள்ளைகள் கைவிட்டுக் கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சானும் ஒன்றை எடுத்து மொறுமொறு என்று கடித்தார். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "இதில என்ன கிடக்கு, கடல் பாசிதானே" என்றார்.

பெட்டியைத் திருப்பினேன். முழுவதும் கொரிய எழுத்து.

"எண்ணெய் மினுங்குதே மச்சான். என்ன எண்ணெய்?"

அவருக்குத் தெரியவில்லை. கடித்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய இளைய மகள், பத்தாம் ஆண்டு படிக்கிறவள், என் கையில் இருந்த பெட்டியை வாங்கி, போனைத் திறக்காமலே, எழுத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். எங்கே படித்தாளோ, வாப்பா கேட்கவில்லை.

"நல்லெண்ணெய். உப்பு. வேற ஒண்டுமில்ல, மாமா."

மச்சான் மற்றப் பாதியையும் வாயில் போட்டார்.